உப்பிப் போன கரி

கையெழுத்துதானே சார், போடறேன். எங்கயும் ஓடிட மாட்டேன். முதல்ல அந்த ஃபைலை என் மேஜையில இருந்து எடுங்க. தராசு இருக்கறது கண்ணுக்குத் தெரியல? பக்கத்துல நின்னு மூச்சு விட்டாலே முள்ளு ஆடும், நீங்க என்னடான்னா அரைக் கிலோ காகிதத்தைத் தூக்கிப் பொத்துன்னு போடறீங்க. ஆங், அந்தப் பக்கம் வைங்க. அந்த ஸ்டூல்லயும் உக்காராதீங்க, அதுல ஆசிட் கொட்டிக் கிடக்கு. உங்க பேன்ட்ல ஓட்டை விழுந்தா அதுக்கும் ஒரு விசாரணை வைப்பீங்க. நின்னுகிட்டே கேளுங்க. தலைமை ஆபீஸ்ல நாள் பூரா உக்காந்துதானே இருக்கீங்க, கொஞ்ச நேரம் நின்னா ஒண்ணும் குறைஞ்சிடாது.

என்ன, கார் காத்துகிட்டு இருக்கா? இருக்கட்டும். காருக்கென்ன கால் வலிக்கவா போகுது?

படிச்சேன் சார், படிக்கத் தெரியும் எனக்கு. நாலு பக்கம் டைப் அடிச்சு, என் பேரையும் நீங்களே அடிச்சு, கடைசியில ஒரு கோடு மட்டும் எனக்குன்னு விட்டு வெச்சிருக்கீங்க. நான் என்ன சொன்னேன்னு நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எழுதியாச்சு. புஷர் மிஷின் ஓட்டறவன், அதாவது என் தங்கச்சி புருஷன், ஓவன்ல கரி வெந்து ஆன கோக்கை வெளிய தள்ளும்போது, தள்ள முடியாம மிஷின் இழுக்கற கரன்ட் அளவு தாண்டியும் நிறுத்தல, முரட்டுத்தனமா தள்ளினான், அதனாலதான் சுவரு இடிஞ்சுது, கரியில ஒரு குத்தமும் இல்ல. இது எல்லாம் இந்த லேப்ல முப்பது வருஷமா கரியைச் சோதிக்கற எனக்கு நல்லாத் தெரியும். அப்படித்தானே? அப்படித்தான் போட்டிருக்கு.

இருங்க, பேசிகிட்டே என் வேலையைப் பாக்கறேன். உங்களுக்காக பர்னரை அணைச்சிட்டு உக்கார முடியாது. இது கரிப்பொடி, சரியா ஒரு கிராம். இந்தச் சின்னக் கிண்ணத்துல போட்டு, மேஜை மேல மெல்லத் தட்டணும், மட்டமா படியறதுக்கு. மூடி போட்டாச்சு. தீயும் வெச்சாச்சு. ரெண்டரை நிமிஷம், அவ்வளவுதான். உங்க கடிகாரத்தைப் பாக்காதீங்க, இதுக்கு என்கிட்ட தனிக் கடிகாரம் இருக்கு.

ஆமா, எனக்கும் அவனுக்கும் ஆகாது. அதைத் தெரிஞ்சுகிட்டுதானே நேரா இங்க வந்தீங்க? கேன்டீன்ல எவனாவது சொல்லியிருப்பான், லேப்காரரைப் போய்ப் பாருங்க, மாப்பிள்ளை பேரைச் சொன்னாலே கடிச்சு வெச்சிருவாருன்னு. உண்மைதான், கடிப்பேன். பேச்சுவார்த்தை நின்னு பதினோரு வருஷம் ஆச்சு. நான் வர்ற பாதையில அவன் வந்தா நான் சுத்திகிட்டுப் போவேன். அவன் சுத்த மாட்டான். பாதசாரிக்குன்னு போட்ட மஞ்சக் கோட்டுல நேரா நடந்து போயிட்டே இருப்பான்.

அவனை செக்‌ஷன்ல எல்லாரும் என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க தெரியுமா? ஸ்கேலு. அடிஸ்கேலு இருக்குல்ல, அது. டீ குடிக்கப் பத்து நிமிஷம்னா ஒம்பதாவது நிமிஷம் டம்ளரைக் கழுவி வெச்சிட்டு நிப்பான், வாய் வெந்தாலும் சரி. ஆபீஸ் ரூம்ல போன் பேசும்போதுகூட ஹெல்மெட்டைக் கழட்ட மாட்டான். என் தங்கச்சியைக் கல்யாணம் பண்ணின அன்னிக்கு, கார்ல அஞ்சு பேருக்கு மேல ஏறக்கூடாதுன்னு சொல்லி ஆறாவதா ஏறின என்னை இறக்கி விட்டவன் சார் அவன். மாப்பிள்ளைக் கோலத்துல உக்காந்துகிட்டு எண்ணறான்! பொண்ணுக்குக் கூடப் பொறந்த அண்ணன் நான், பஸ்ல தொங்கிகிட்டுப் போய்ச் சேர்ந்தேன். தாலி கட்டறதைக்கூட நான் பாக்கல.

சிரிக்காதீங்க. சிரிக்கறதுக்குச் சொல்லல.

அதைக்கூட மன்னிச்சேன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் மத்தியானம் இதே ரூம்ல நான் கண்ணசந்துட்டேன். என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தா, மூணு நாள் அவ கட்டில் பக்கத்துல உக்காந்துட்டு அப்படியே டூட்டிக்கு வந்திருந்தேன். ஏதோ ரிப்போர்ட் வாங்க அவன் வந்தான். நான் தூங்கறதைப் பாத்தான். வேற ஒருத்தனா இருந்தா என்ன பண்ணுவான்? தோளைத் தட்டி எழுப்புவான். இவனும் எழுப்பினான் சார். எழுப்பி, குடிக்கத் தண்ணி குடுத்து, அத்தைக்கு எப்படி இருக்குன்னு விசாரிச்சிட்டு, அதுக்கப்புறம் போய் லாக் புக்ல எழுதி வெச்சான். ஆய்வாளர் பணி நேரத்தில் உறங்கிக்கொண்டிருந்தார். முத்து முத்தான எழுத்து வேற. வாய் திறந்திருந்ததுன்னு ஒண்ணுதான் எழுதல.

அத்தைன்னு ஏன் சொல்றான்னா, அவன் மக கூப்பிடற மாதிரியே அவனும் என் பொண்டாட்டியைக் கூப்பிடுவான், மரியாதைக்கு. அந்த மரியாதைக்கெல்லாம் ஒரு குறைச்சலும் இல்ல.

அந்த ஒரு வரியால, எனக்கு வர வேண்டிய தலைமை ஆய்வாளர் பதவி எனக்கு அப்புறம் வந்தவனுக்குப் போச்சு. அதே பதவியைத்தான் இப்ப நீங்க சட்டைப் பையில வெச்சுகிட்டு வந்திருக்கீங்க. கையெழுத்து ஆகட்டும், உங்க விஷயமும் பேசலாம்னு சொன்னீங்களே உள்ள வரும்போதே? என்ன விஷயம்னு எனக்குப் புரியாதா? நான் கரியைச் சோதிக்கறவன்தான், கரி இல்ல.

இங்க பாருங்க, மூடியோரத்துல புகை வருது. கிட்ட வாங்க, பயப்படாதீங்க. மஞ்சளும் பழுப்புமா வருதா? நாத்தம் அடிக்குதா? அதுதான் தார். உங்களை மாதிரி ஆளுங்க தீ பட்டா கரி எரியும், வேற என்னன்னு நினைக்கறாங்க. காத்து இருந்தா எரியும். காத்தே படாம சூடு பண்ணினா எரியாது சார், மாறும். நூறு டிகிரியில ஈரம் போகும். முன்னூறு முன்னூத்தம்பது வரைக்கும் சும்மா கல்லு மாதிரி கிடக்கும். அதுக்கு மேல போனா இளக ஆரம்பிக்கும். ஆமா, கரிதான் இளகுது, உங்க மனசு இல்ல. கெட்டிப் பாகு மாதிரி ஆயிடும். உள்ள பின்னிக் கிடக்கறதெல்லாம் சூட்டுல அறுந்து தாராவும் கேஸாவும் வெளிய வரப் பாக்கும். பாகு அதை விடாது. வழி கிடைக்காத கேஸு என்ன பண்ணும், பாகை ஊதிப் பெருக்க வைக்கும். அதைத்தான் உப்பறதுன்னு சொல்றோம். அப்புறம் ஐநூறு டிகிரி வரும்போது எல்லாம் அப்படியே இறுகிடும். அதுக்கும் மேல ஆயிரம் வரைக்கும் ஏத்தினா மிச்ச மீதி ஹைட்ரஜனும் போய், சுருங்கி, வெடிப்பு விட்டு, வெள்ளி நிறத்துல கோக் ஆகி நிக்கும். தட்டினா கணீர்னு கேக்கும்.

இதுக்கும் உங்க விசாரணைக்கும் என்ன சம்பந்தமா? இதுதான் சார் விசாரணையே!

அந்த ஓவனைப் போய்ப் பாத்தீங்களா? உங்க ஷூவே சொல்லுது, போகல. உள் அகலம் ஒரு முழம்தான். உயரம் ரெண்டு மாடி இருக்கும், நீளம் ஒரு பஸ்ஸை விட ஜாஸ்தி. ரெண்டு பக்கமும் செங்கல் சுவரு, சுவருக்குள்ள தீ. கரியை மேல இருந்து கொட்டி, காத்துப் புகாம கதவை அடைச்சு, பதினெட்டு மணி நேரம் விட்டுருவாங்க. சுவரை ஒட்டின கரிதான் முதல்ல பாகாகும். அந்தப் பாகு ரெண்டு பக்கத்துல இருந்தும் கொஞ்சம் கொஞ்சமா நடுவுக்கு நகர்ந்து வரும். நடுவுல மாட்டின கேஸு ரெண்டு சுவரையும் நெட்டும். அடக்கமான கரின்னா பரவாயில்ல, கடைசியில சுருங்கி, சுவரை விட்டு ஒரு விரக்கடை விலகிடும். அந்த இடைவெளி இருந்தாத்தான் மிஷினால கோக்கை அந்தப் பக்கமா தள்ளிவிட முடியும். அது இல்லன்னா புஷர்காரன் பிழைப்பு கந்தல்தான். ரொம்ப உப்பற கரின்னா விலகவே விலகாது. பதினெட்டு மணி நேரமும் சுவரை நெட்டிகிட்டே இருக்கும். கதவு திறக்கறதுக்கு முன்னாடியே சுவரு உள்ள விரிசல் விட்டிருக்கும். அப்புறம் விரலால தொட்டாலும் விழும்.

பக்கத்து ஓவன்ல பாதி வெந்த கரி, கேஸோட. சுவரு விழுந்ததும் அந்த நெருப்பு முழுக்க, திறந்திருந்த கதவு வழியா மிஷின் கேபினுக்குள்ள வந்துச்சு. அவன் மக கல்யாணத்தை முடிச்சிட்டு டூட்டிக்கு வந்த ரெண்டாம் நாள். ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் போச்சு. ஆஸ்பத்திரியில ஒம்பது நாளா கிடக்கான், நீங்க அவன் மேல கேஸு போடறதுக்கு என்கிட்ட கையெழுத்து வாங்க வந்திருக்கீங்க. வேலையும் போகும், ஜெயிலுக்கும் போகணும், இல்ல? நல்லா இருக்கு சார்.

இல்ல, அவனுக்காகப் பரிஞ்சு பேசல. வாயைக் கிளறாதீங்க.

நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கரன்ட் அளவு தாண்டியும் நிறுத்தாம தள்ளினான்னு எழுதியிருக்கீங்களே, அதைப் பதியற சார்ட் எங்க? அன்னிக்குன்னு பாத்து அதுல மை தீர்ந்து போச்சா? சரிதான். உங்க பேனாவுல மட்டும் மை தீரவே மாட்டேங்குது. கரன்ட் காட்டற முள்ளு கோட்டைத் தாண்டினதும் அவன் நிறுத்திட்டான். நிறுத்திட்டு, ரூல்ல எழுதியிருக்கற மாதிரி போனை எடுத்து மேல சொல்லிட்டு இருந்தான். சுவரு விழுந்தது அப்பத்தான். யாரு பாத்தாங்களா? யாரும் பாக்க வேணாம். எனக்குத் தெரியும்.

எப்படின்னா? நான் அந்த ஆளைப் பதினோரு வருஷமா வெறுக்கறது எதுக்காக? ரூலை மீறலன்னுதானே சார்! ஒரே ஒரு தடவை, சொந்த மச்சானாச்சேன்னு கண்ணை மூடிகிட்டுப் போயிருக்கலாம், போகல. அப்படிப்பட்டவன் உங்க கோக்குக்காக மீறினானாம், நான் நம்பணுமாம். அவன் மீறற ஆளுன்னு நான் கையெழுத்துப் போட்டா, இத்தனை வருஷம் நான் அவன் மூஞ்சியில முழிக்காம இருந்ததுக்கு என்ன அர்த்தம்? என் கோபத்துக்கு ஒரு மரியாதை வேணாமா?

அப்ப கரியில குத்தமான்னு கேக்கறீங்க. கரி அடக்கமானதுன்னு நானே ரிப்போர்ட் குடுத்தேன், அதையும் பின்னாடி ஒட்டியிருக்கீங்க, பாத்தேன். உப்பல் நம்பர் நாலு. என் கையெழுத்துதான், போலி இல்ல. ஒண்ணுல இருந்து ஒம்பது வரைக்கும் இருக்கு அந்த நம்பர். நாலுன்னா தாராளமா கலக்கலாம். ஏழு எட்டுன்னா அதிகமா கலக்கவே கூடாது, மத்தக் கரியோட கொஞ்சூண்டு சேக்கணும். நான் நாலுன்னு எழுதினேன், அவங்க தாராளமா கலந்தாங்க. கலந்தவங்க மேல தப்பு இல்ல.

ரெண்டரை நிமிஷம் ஆச்சு. தள்ளி நில்லுங்க, சுடும். புகை அடங்கட்டும். ம்... இப்ப மூடியை எடுக்கறேன். பாருங்க. கால்வாசி இருந்த பொடி கிண்ணத்தை முட்டிகிட்டு நிக்குது. அந்த அட்டையில வரிசையா படம் போட்டிருக்குல்ல, அதுக்கு நேரா வெச்சுப் பாருங்க. எந்தப் படத்தோட ஒத்துப் போகுது? வாய் விட்டுச் சொல்லுங்க. எட்டரை. காலையில இருந்து அஞ்சு தடவை பண்ணிட்டேன், அஞ்சும் எட்டரை. ஒரு நம்பர் எழுதணும்னா அஞ்சு தடவை பண்ணணும், அதுதான் முறை.

இது எந்தக் கரின்னு நீங்க இன்னும் கேக்கவே இல்லயே சார். அதே கரிதான். அதே கப்பல், அதே குவியல். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கட்டியாவே எடுத்து டின்ல சீல் வெச்சு அலமாரியில வெச்சிருவோம். அதை இன்னிக்கு உடைச்சு அரைச்சேன்.

என் ரிப்போர்ட் பொய்யான்னா? பொய் இல்ல. நாலு வந்துச்சு, நாலுன்னு எழுதினேன். எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. திங்கக்கிழமை சாம்பிள் வந்துச்சு. அரைச்சு, தட்டுல பரப்பி, அந்த உலர்த்தற பெட்டியில வெச்சு சுவிட்சைப் போட்டேன். ஒரு மணி நேரம் போதும், ஈரம் போயிடும். அதுக்கு மேல வெச்சா பெட்டியில இருக்கற காத்து கரிக்குள்ள இறங்கிடும். எரியாது, புகையாது, நிறம் மாறாது, பாத்தா அதே பொடிதான். ஆனா இளகற குணம் செத்துப் போயிடும். இது இங்க கூட்டிப் பெருக்கறவங்களுக்கே தெரியும்.

பெட்டியில வெச்சிட்டு டீ குடிக்கப் போனேன். கேன்டீன்ல எல்லார் கையிலயும் கல்யாணப் பத்திரிகை. புதன்கிழமை என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். கேட்ல நிக்கற வாட்ச்மேன்கிட்டகூட ஒண்ணு இருக்கு. தாய்மாமன் எனக்கு இல்ல. வயிறு எரிஞ்சுது சார், அப்படி எரிஞ்சுது. குடிச்சுகிட்டிருந்த டீயை அப்படியே வெச்சிட்டு நேரா வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திகிட்டேன். இந்த ரூமுக்கு என்னை விட்டா வேற ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை வந்து பாத்தா பெட்டி சுவிட்ச் போட்டபடியே இருக்கு. நாலு நாளு. அந்தப் பொடியைக் கொட்டிட்டுப் புதுசா அரைச்சிருக்கணும், ரெண்டு மணி நேர வேலை. மனசு வரல. எவன் சுவரு எப்படிப் போனா எனக்கென்னன்னு இருந்துச்சு. அதையே சோதிச்சேன், நாலு வந்துச்சு, எழுதிட்டேன்.

அந்த ஓவனை யாரு தள்ளுவாங்கன்னு அப்ப நினைச்சேனான்னா கேக்கறீங்க? அதை மட்டும் கேக்காதீங்க சார். எனக்கே தெரியல.

ஏன் ஃபைலை மூடறீங்க? கார் நிக்கும், நிக்கட்டும். இந்த நாலு பக்கத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு வெள்ளைத் தாள் எடுங்க. உப்பல் நம்பர் எட்டரை, பொடியைக் கெடுத்தது நான், அவன் நிறுத்திட்டான். எழுதுங்க. எனக்கும் அவனுக்கும் பகைன்னும் சேர்த்து எழுதுங்க, நல்லாப் பெருசா எழுதுங்க. சொந்தக்காரன் காப்பாத்தப் பாக்கறான்னு நாளைக்கு எவனும் சொல்லக்கூடாது.

பதவியா? அதை நீங்களே வெச்சுக்கோங்க.

நேத்து சாயங்காலம் என் தங்கச்சி போன் பண்ணினா. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அவ குரலைக் கேக்கறேன். அழல. அண்ணா, கரியைப் பத்தி உனக்குத்தான் தெரியும், இவரு மேல தப்பு இருக்கா, அதை மட்டும் சொல்லுன்னா. பாத்துட்டுச் சொல்றேன்னு மட்டும் சொன்னேன். நான் கோபத்துல இருக்கேன்னு நினைச்சுகிட்டு அவளே சமாதானம் சொல்றா. பத்திரிகை மத்தவங்களுக்கெல்லாம் ஃபேக்டரியில குடுத்துட்டோம், மாமனுக்கு மட்டும் வீட்டுக்குப் போய் முறையா குடுக்கணும்னு இவரு பிடிவாதமா இருந்தாரு, செவ்வாக்கிழமை குளிச்சுக் கிளம்பி உங்க வீட்டுக்கு வந்தாரு, கதவு பூட்டியிருந்துச்சாம், திரும்பிட்டாருன்னா.

பூட்டல சார். உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தேன். ரெண்டு தடவை தட்டினான். முதல்ல ஒரு தடவை, அப்புறம் சரியா ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை. அப்படி நிமிஷம் பாத்துத் தட்டற ஆளு இந்த உலகத்துல ஒருத்தன்தான். யாருன்னு தெரிஞ்சுதான் நான் திறக்கல.